கையில் ஏழெட்டு பின்னல் வேலை, ஒன்றும் முடியவில்லையா? எல்லாவற்றையும் வழிக்குக் கொண்டுவர முழு வழிகாட்டி

பின்னல் ஊசி பிடிக்கும் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். ஒரு கை மட்டும் முடிந்த ஸ்வெட்டர் கட்டிலுக்கடியில், பாதிப் போர்வை பரணில், ஹேண்ட்பேக்கில் நாலைந்து குரோஷா பூ, நடுவில் வீடியோ பார்த்து ஆரம்பித்த ஆரி ஜாக்கெட், சிவன் கண் கூடை போடலாம் என்று வாங்கி வைத்த ஒயர் கட்டு. இத்தனையும் இருக்கும்போதே தள்ளுபடியில் நல்ல கலரில் நூல் கிடைத்தால் இன்னொன்றை ஊசியில் ஏற்றிவிடுவோம். வீட்டில் "முதல்ல எடுத்ததை முடி, அப்புறம் அடுத்ததைத் தொடு" என்பார்கள். நியாயமான பேச்சுதான், ஆனால் இதைக் கேட்டு முடித்தவர்களை நான் பார்த்ததில்லை.

என்னைக் கேட்டால், பத்து வேலை ஒரே நேரத்தில் ஓடுவதில் தப்பே கிடையாது. சிக்கல் வருவது விட்ட இடம் மறந்துபோவதால்தான். மூன்று மாதம் கழித்து எடுக்கிறோம், எந்த வரிசை, எத்தனை கண்ணி (ஊசியில் ஏறும் வளையம்) குறைத்தோம், எந்த நம்பர் ஊசி, ஒன்றும் நினைவில்லை, அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் போகும் என்று தோன்றியதும் கை தானாகப் புது நூலைத் தேடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது பற்றியும் இனி தொலைக்காமல் இருப்பது பற்றியும்தான். எதை முடிப்பது, எதைப் பிரிப்பது, எதைத் தூங்கவிடுவது என்பது மீதி.

1. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். வெளிர் நிறப் பெட்ஷீட் ஒன்றை விரித்து, வீட்டில் எங்கெங்கே பை இருக்கிறதோ அத்தனையையும் அதன்மேல் கொட்டுங்கள். வெளிர் நிறம் எதற்கென்றால் பூச்சியோ, கண்ணியில் அடையாளத்துக்கு மாட்டி உதிர்ந்த மார்க்கரோ, உடைந்த ஊசி முனையோ விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு கண்ணிகூடப் போடக் கூடாது. "இந்த ஒரு வரிசையை மட்டும்" என்று உட்கார்ந்தால் பொழுது அதிலேயே போய்விடும்.

நூலின் வகையை இப்போதே பார்த்துவிடுங்கள். நாம் உல்லன் என்று சொல்லி வாங்குவதில் பெரும்பாலானது அக்ரிலிக். அந்துப்பூச்சியின் புழு தேடிப்போய்த் தின்பது நிஜக் கம்பளியைத்தான், சுத்தமான அக்ரிலிக்கை அது சட்டை செய்யாது. கம்பளியில் ஓட்டையோ மணல் மாதிரித் துகளோ தெரிந்தால், அந்தப் பையைத் தனியாகப் பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, நன்றாக மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும், இல்லையென்றால் நூலிலேயே ஈரம் கோத்துக்கொள்ளும். குழந்தைத் துணி இருக்கும் பெட்டியில் அந்துருண்டை போடவே போடாதீர்கள். அதிலிருக்கும் நாப்தலின், ஜி6பிடி என்ற பிறவி என்சைம் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது, அந்தக் குறைபாடு இருப்பது பல வீட்டில் தெரியவே தெரியாது.

அப்படியே ஊசிகளையும் பாருங்கள். கடலோர ஊரில் இருப்பவர்கள் ஸ்டீல் ஊசியை மாதக்கணக்கில் வேலையிலேயே விட்டால் துருக்கறை நூலில் ஏறும், அது லேசில் போகாது. ஆரிச் சட்டத்திலோ வளையத்திலோ மாட்டிய துணியைக் கழற்றிவிடுங்கள், மாட்டியபடியே கிடந்தால் அந்த வட்டத் தடம் துணியில் நின்றுவிடும். ஜரிகை வேலை இருந்தால் ஈரம் படாத இடத்துக்கு மாற்றுங்கள், கறுக்கும்.

2. ஏன் நின்றது என்று கேட்டு ரகம் பிரித்து வையுங்கள்

பின்னல் தனி, குரோஷா தனி, கூடை தனி என்று பிரிப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது ஏன் நின்றது என்று கேளுங்கள். காரணத்துக்குக் காரணம் மருந்து வேறு.

அலுத்துப்போய் நின்றவை முதல் ரகம். நீளமான வெற்றுப் பின்னல், பெரிய போர்வை, இரண்டாவது கை, இரண்டாவது சாக்ஸ். இவற்றில் சிரமம் ஒன்றுமில்லை, முடிவு கண்ணுக்குத் தெரியாததுதான் காரணம். 5-ஆம் பகுதியில் வரும் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பாதி அலுப்பு அதிலேயே குறையும். சாக்ஸுக்கும் ஸ்வெட்டர் கைக்கும் இன்னொரு வழியும் இருக்கிறது. அடுத்த தடவை இரண்டையும் இரண்டு முனையும் கேபிளால் இணைந்த ஒரே நீள வட்ட ஊசியில், ஆளுக்கொரு நூல் உருண்டை வைத்து ஒன்றாகவே போடுங்கள். இரண்டும் ஒரே நாளில் முடியும், நீளமும் வித்தியாசப்படாது.

தப்பு வந்து நின்றவை அடுத்தது. ஓட்டை ஓட்டையாக டிசைன் வரும் லேஸ் பின்னலில் ஒரு கண்ணி நழுவியிருக்கும், பேட்டர்ன் புரியாத வரி ஒன்று வந்திருக்கும். இதை ராத்திரி பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சரிசெய்ய உட்கார வேண்டாம். பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அதற்குள் சரியாகவில்லை என்றால் தப்பு நடந்த வரிசைக்குக் கீழே வரை பிரித்துவிடுங்கள்.

பொருள் இல்லாமல் நின்றவை: நூல் தீர்ந்தது, ஊசி வேறு வேலைக்குப் போய்விட்டது, பட்டன் வாங்கவில்லை. இதற்கு ஒரு கடைப் பட்டியல் போதும். நூலில் மட்டும் கவனம் வேண்டும். லேபிளில் கலர் எண்ணுக்குப் பக்கத்தில் டை லாட் எண் என்று இன்னொன்று இருக்கும், ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கெல்லாம் அது ஒன்றாக இருக்கும். கலர் எண் ஒன்றாக இருந்தும் லாட் மாறினால் வெயிலில் கோடு போட்டது போல் தெரியும். அதே லாட் கிடைக்கவில்லை என்றால் பழைய நூலில் இரண்டு வரிசை, புது நூலில் இரண்டு வரிசை என்று நாலைந்து அங்குலத்துக்கு மாற்றி மாற்றிப் போட்டு, பிறகு புது நூலுக்குப் போய்விடலாம். அல்லது புது லாட்டைக் கழுத்துப் பட்டிக்கும் மணிக்கட்டுப் பட்டிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அங்கே பின்னலே வேறு என்பதால் நிற வித்தியாசம் கண்ணில் படாது.

பின்னல் முழுக்க முடிந்தும் தைக்காமல், நுனி நூல் செருகாமல் கிடப்பவை. இவைதான் உங்கள் பொக்கிஷம், இவற்றைத் தனிக் கூடையில் முதலில் எடுத்து வையுங்கள்.

பருவத்தால் நின்றவையும் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் மடிமேல் கம்பளிப் போர்வையைப் பரப்பிக்கொண்டு யாராலும் பின்ன முடியாது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் பரவாயில்லை, சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் மனசாட்சி உறுத்தாமல் கார்த்திகை வரை அதைத் தூங்கவிடலாம். பின்னுபவர்கள் தங்கள் வேலையைப் பதிந்து வைக்கும் ராவெல்ரி தளம் 2007-இல் தொடங்கியது. அதில் ஒரு வேலையை நடக்கிறது, முடிந்தது என்று குறிக்க இடம் இருப்பதுபோலவே தூங்குகிறது, பிரித்துவிட்டேன் என்று குறிக்கவும் இடம் இருக்கிறது. அந்தக் கடைசி இரண்டையும் வைத்தவர்கள் பின்னுபவர்களை நன்றாகவே அறிந்தவர்கள்.

கடைசியாக, பிடிக்காமல் நின்றவை. அளவு சரியில்லை, கலர் இப்போது பார்க்கச் சகிக்கவில்லை, யாருக்காக ஆரம்பித்தோமோ அந்தக் குழந்தை பள்ளிக்கூடமே போகிறது. இவை நேரே பிரிக்கும் குவியலுக்கு.

3. விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது

வரிசையின் நடுவில் நிறுத்தியிருந்தால் எந்தப் பக்கம் போவது என்ற குழப்பம் வரும். உருண்டையிலிருந்து வரும் நூல் எந்தக் கண்ணியிலிருந்து தொங்குகிறது என்று பாருங்கள். அதுதான் கடைசியாகப் போட்ட கண்ணி. அது இருக்கும் ஊசி வலது கையில் வர வேண்டும். மாற்றிப் பிடித்து ஆரம்பித்தால் அந்த இடத்தில் சின்ன ஓட்டை விழுந்து, ஒரு பக்கம் இரண்டு வரிசை அதிகமாகிவிடும்.

வரிசையை எண்ண, வேலையை மேசைமேல் இழுக்காமல் பரப்புங்கள். வெற்றுப் பின்னலின் நேர்ப்பக்கத்தில் (வெளியே தெரியும் பக்கம்) ஒவ்வொரு கண்ணியும் வி வடிவில் தெரியும், ஒரு வி ஒரு வரிசை. ஊசியில் இருக்கும் கண்ணியையும் ஒரு வரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், முதலில் ஏற்றிய விளிம்பைச் சேர்க்க வேண்டாம். கண் சோர்ந்தால் பத்து வரிசைக்கு ஒரு குண்டூசி குத்திக்கொண்டே போங்கள். கண்ணி குறைத்த இடங்களில் ஒரு கண்ணி இன்னொன்றின்மேல் சாய்ந்து படுத்திருக்கும், அவற்றை எண்ணினாலே எத்தனை தடவை குறைத்தீர்கள் என்று தெரிந்துவிடும்.

ஊசி நம்பர் மறந்திருந்தால், பின்னிய பகுதியில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகப்படும் ஊசியில் அதே மிச்ச நூலில் ஒரு சின்னச் சதுரம் போட்டு அதே எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். நம்மூரில் பழைய ஊசிகளில் பிரிட்டிஷ் எண் இருக்கும், அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 12 என்றால் அதைவிட மெல்லிசு. அமெரிக்க எண் நேர் எதிர், அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். அமெரிக்கப் பேட்டர்னில் 8 என்று போட்டிருக்கிறது என்று பாட்டி காலத்து 8 ஊசியை எடுத்தால் பெரியவர் ஸ்வெட்டர் சின்னப் பையன் அளவில் வரும். எண்ணை நம்பாமல் எப்போதும் மில்லிமீட்டரைப் பாருங்கள்.

ரொம்ப நாள் கிடந்த வேலையில் ஊசி நின்ற வரிசை மட்டும் தளர்ந்து தனியாகத் தெரியும். அந்த ஒரு வரிசையைப் பிரித்து மறுபடி போட்டுவிட்டுத் தொடருங்கள். உங்கள் கை இறுக்கமும் இடையில் மாறியிருக்கும், அதனால் நேரே ஸ்வெட்டரில் இறங்காமல் வேறு நூலில் பத்து வரிசை ஓட்டிப் பாருங்கள்.

4. சீட்டு எழுதுங்கள்

இதை மட்டும் செய்தால்கூடப் போதும் என்பேன். கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, மூலையில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு வேலையிலும் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். போனில் எழுதினால் தேட வேண்டும், சீட்டு என்றால் வேலையோடேயே இருக்கும். என்ன எழுதுவது என்றால், ஏறத்தாழ இப்படி:

"நீலக் கார்டிகன், அக்காவுக்கு, மார்பு 38. ஊசி 4 மிமீ, பட்டிக்கு 3.25. முதுகு, இடது முன்பக்கம் முடிந்தது. இப்போது வலது முன்பக்கம், கழுத்துக் குறைப்பு 3 ஆச்சு, இன்னும் 5, நாலு வரிசைக்கு ஒரு தடவை. அடுத்தது நேர்ப்பக்க வரிசை. பேட்டர்னில் இல்லாத மாற்றம்: நீளம் 2 அங்குலம் கூட்டியிருக்கிறேன். முழு உருண்டை 3 பாக்கி."

இதில் முக்கியமான வரி அந்த மாற்றம்தான். பேட்டர்னைத் திரும்பப் பதிவிறக்கலாம், நாமாகச் செய்த மாற்றம் வேறு எங்கேயும் எழுதியிருக்காது. லேபிளையும் சீட்டோடு ஸ்டேப்லர் போட்டுவிடுங்கள். எழுதச் சோம்பலாக இருந்தால் ஒரு பழைய தந்திரம் உண்டு: ஆரம்ப நுனி நூலில் ஊசியின் மில்லிமீட்டர் அளவுக்கு முடிச்சு போடுவது, 4 மில்லிமீட்டருக்கு நாலு முடிச்சு. ஊசி போனாலும் முடிச்சு இருக்கும்.

ஒயர் கூடைக்கும் இதே சீட்டு. அடிப்பகுதிக்கு எத்தனை ஒயர், எந்த நீளத்தில் வெட்டினீர்கள், கலர் மாறுவது எத்தனையாவது முடிச்சில் என்று எழுதாமல் விட்டால், அடுத்த கலர் சேர்க்கும்போது டிசைன் கோணலாகும்.

தூங்கப் போகும் வேலைகளிலிருந்து ஊசியைக் கழற்றி, மொக்கை ஊசியில் வழுவழுப்பான பருத்தி நூலைக் கோத்துக் கண்ணிகளை அதற்கு மாற்றிவிடுங்கள். இரண்டு நுனியையும் முடிச்சிட்டால் ஒரு கண்ணியும் நழுவாது, உங்களுக்கும் ஊசி திரும்பக் கிடைக்கும்.

5. கணக்கு: எவ்வளவு நேரம், எவ்வளவு நூல்

நாலு வரிசை போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் பாருங்கள். 120 கண்ணி உள்ள ஒரு வரிசைக்கு 5 நிமிடம், இன்னும் 160 வரிசை பாக்கி என்றால் 800 நிமிடம், அதாவது பதின்மூன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. தினம் அரை மணி உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குள் முடிகிறது. "எப்ப முடியுமோ" என்று மலைத்ததற்கு ஒரு தேதி கிடைத்துவிட்டதா?

மேலிருந்து கீழே விரிந்துகொண்டே போகும் முக்கோணச் சால்வையில் இந்தக் கணக்கு ஏமாற்றும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட நீளம் என்பதால், வரிசையில் பாதி முடிந்தபோது வேலையில் கால்வாசிதான் முடிந்திருக்கும். பத்தில் ஏழு பங்கு வரிசை தாண்டினால்தான் உண்மையில் பாதி. பாதிச் சால்வையாக இத்தனை பேர் வீட்டில் கிடப்பதற்கு சோம்பேறித்தனம் காரணமில்லை, கணக்குதான் காரணம்.

நூலுக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். உருண்டையை எடை போடுங்கள், பத்து வரிசை பின்னுங்கள், மறுபடி எடை போடுங்கள். பத்து வரிசைக்கு 6 கிராம் போனது, கையில் 18 கிராம் இருக்கிறது என்றால் முப்பது வரிசை வரும். கடைசியில் கண்ணி மூடுவதற்கு அகலத்தைப்போல நாலு மடங்கு நூலை ஒதுக்கிவிட்டுத்தான் இந்தக் கணக்கு. லேபிளில் 50 கிராமுக்கு 125 மீட்டர் என்று போட்டிருந்தால் ஒரு கிராம் இரண்டரை மீட்டர். துண்டு துண்டாகக் கிடக்கும் உருண்டைகளில் என்ன செய்யலாம் என்றும் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

6. பிரிக்கும் குவியல்

பிரிப்பதற்கு மனசு வராது, தெரியும். ஆனால் நூல் விலைக்கு அது புது நூல் வாங்கியதற்குச் சமம். கண்ணி மூடிய கடைசி நுனியைக் கண்டுபிடித்து அங்கிருந்து இழுங்கள், ஏற்றிய விளிம்பிலிருந்து இழுத்தால் சுலபமாக வராது. தைத்த துண்டுகள் என்றால் முதலில் தையல் நூலை மட்டும் வெட்டுங்கள், மாற்றிப் பின்னலை வெட்டிவிட்டால் நூல் நூறு துண்டாகும், அதனால் பகலில் செய்யுங்கள். பிரியும் நூலை நாற்காலி முதுகில் சுற்றிக்கொண்டே வந்து, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, சிட்டமாக எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி ஷாம்பு விட்டு இருபது நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தொங்கவிட்டால் கம்பளியின் சுருள் நேராகிவிடும். அக்ரிலிக்கில் அந்த அளவுக்குப் போகாது, ஆனாலும் பின்னினால் தெரியாது. மொஹேர் போல் முடி நிறைந்த நூல் சிக்கும், இழுத்தால் இன்னும் இறுகும், கையால் மெதுவாகப் பிரித்தெடுங்கள்.

குரோஷா சதுரங்கள் பாதியில் நின்றிருந்தால் பிரிக்க வேண்டியதில்லை. ஒரே கலரில் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்று விளிம்பு போட்டால் வேறு வேறு அளவு, வேறு வேறு டிசைன் எல்லாம் ஒரு குடும்பமாகிவிடும். 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு கின்னஸ் சாதனைக்காக 11,148.5 சதுர மீட்டர் போர்வையைச் சேர்த்ததும் பல கைகள் பின்னிய சதுரங்களை இணைத்துத்தான். உங்களுக்கு ஒரு தொட்டில் போர்வை வராதா என்ன.

7. இனி கையில் எத்தனை?

ஒரே ஒரு வேலை என்று சபதம் எடுப்பவர்கள் அடுத்த வாரமே மீறுவார்கள். மூன்று இடம் வைத்துக்கொள்ளுங்கள். டிவி பார்த்துக்கொண்டே பார்க்காமல் போடக்கூடியது ஒன்று, பஸ்ஸிலும் டாக்டர் கிளினிக்கிலும் எடுக்கக்கூடிய சின்னது ஒன்று (சாக்ஸ், தொப்பி, சதுரம்), வாய் திறக்காமல் எண்ண வேண்டிய கஷ்டமானது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப்பை, மஞ்சள் பை இருந்தால் அதுவே போதும். நாலாவது ஆசை வந்தால் பின்னிப் பார்க்கும் சதுரம் மட்டும் போட்டு, கழுவி, அளந்து, சீட்டு கட்டி வையுங்கள். ஆரம்பித்த சந்தோஷமும் கிடைக்கும், பின்னால் வேலையும் மிச்சம். ஒரே அளவில் இன்னொரு ஊசி வாங்குவதையும் தள்ளிப்போடுங்கள், 4 மில்லிமீட்டர் ஒரு ஜோடிதான் என்றால் அதுவே கட்டுப்பாடு.

நிறுத்தும்போது வரிசை முடிவில் நிறுத்துங்கள், அதுவும் பேட்டர்ன் ஒரு சுற்று முடியும் இடத்தில். லேஸ் என்றால் அந்த வரிசையின் கண்ணிகள் வழியாக ஒரு பருத்தி நூலை ஓட்டி விடுங்கள், அடுத்து என்ன தப்பு நடந்தாலும் அதுவரைதான் பிரியும்.

8. முடிக்கும் கூடை

அந்தப் பொக்கிஷக் கூடைக்கு வருவோம். நுனி செருகுவதையும் தைப்பதையும் பின்னும் நேரத்தில் செய்யவே மாட்டோம், அதற்கென்று வாரத்தில் ஒரு மாலை வேண்டும், ரேடியோவோ சீரியலோ ஓடட்டும். துண்டுகளைத் தைப்பதற்கு முன்பே நனைத்து, அளவுக்குப் பரப்பி, குண்டூசி குத்திக் காயவையுங்கள், சுருண்ட விளிம்பைப் பிடித்துத் தைப்பது வதை. அக்ரிலிக்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது, பளபளத்துத் தொய்ந்துவிட்டால் திரும்பாது.

பரிசுக்காகப் பின்னுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சீமந்தமோ பெயர்சூட்டு விழாவோ பதினைந்து நாளில் என்றால் ஸ்வெட்டரைத் தொடாதீர்கள், தொப்பியும் காலுறையும் இரண்டு மூன்று மாலையில் முடிந்துவிடும். ஸ்வெட்டர்தான் வேண்டும் என்றால் பிறக்கும்போது போடும் அளவை விட்டு, அந்தக் குழந்தை அடுத்த மார்கழியில் எத்தனை மாதமாக இருக்கும் என்று விரல் விட்டு எண்ணி, அந்த அளவில் ஆரம்பியுங்கள், நம் ஊர் வெயிலில் அதற்கு முன்னால் அதை யாரும் போட்டுவிடப் போவதில்லை.